தார் வாங்கியாகிவிட்டது: எதை மாற்றலாம், எதைத் தொடக் கூடாது

மகிந்திரா தார் வாங்குகிறவர்களில் பலர், சாவி கைக்கு வந்த அன்றே அடுத்த கேள்வியைக் கேட்டுவிடுகிறார்கள்: "இதுல என்னென்ன மாத்தலாம்?" கேள்வி நியாயமானது. கரடுமுரடான பாதைக்கென்று செய்த வண்டி எதுவும் ஒரே அச்சில் எல்லோருக்கும் பொருந்துவதில்லை. வால்பாறை எஸ்டேட் பாதையில் தினமும் ஏறி இறங்குபவரின் தேவை வேறு. திருச்செந்தூர்ப் பக்கத்துத் தேரி மணலுக்கு ஆண்டில் சில முறை போகிறவரின் தேவை வேறு. சென்னையில் ஓட்டிக்கொண்டு விடுமுறையில் மட்டும் மலையேறுபவரின் தேவை முற்றிலும் வேறு.

என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தரையைத் தொடும் பாகத்தில் தொடங்கி மேல்நோக்கி வாருங்கள். முதலில் டயரும் அதற்குள் இருக்கும் காற்றும். அடுத்து, சிக்கினால் வெளியே இழுக்கத் தேவையான பொருள்கள். பிறகு அடிப்பாகத்தின் காப்பு. உயரத்தைக் கூட்டுவது, விளக்கு மாட்டுவது, பம்பர் மாற்றுவது எல்லாம் அதற்குப் பின்னால்தான் வர வேண்டும். பாதிப் பேருக்கு வரவே வேண்டாம். கடைகளில் காட்டப்படும் வரிசை பெரும்பாலும் இதற்கு நேர்மாறாக இருக்கும். கண்ணுக்குத் தெரிவது முதலில் விற்கும் என்பதுதான் காரணம்.

நிறுவனம் சரிசெய்தவை

எதையும் மாட்டுவதற்கு முன்னால் உங்கள் வண்டி எந்த ஆண்டுடையது என்று பாருங்கள். தாரின் கதையே உரிமையாளர்களின் குறைகள் ஒவ்வொன்றாகத் தீர்ந்த கதைதான். 2010 அக்டோபரில் வந்த முதல் தாரில் பின்பக்கம் பட்டை ஸ்பிரிங். பின்னால் இருப்பவர்கள் பெஞ்சில் எதிரெதிரே பார்த்து உட்கார வேண்டும். தலைக்கு மேல் கேன்வாஸ். மழையில் ஒழுகும், நெடுஞ்சாலையில் படபடக்கும். 2015இல் செய்த மாற்றங்களோடு பின் அச்சுக்கு மெக்கானிக்கல் லாக்கிங் டிஃப்ரென்ஷியல் வந்தது. சேற்றில் ஒரு சக்கரம் வெறுமனே சுழலும்போது மற்ற சக்கரத்துக்கும் இழுவையைத் தரும் அமைப்பு இது. ஓட்டுநர் எந்தப் பொத்தானையும் அழுத்த வேண்டியதில்லை. இரண்டு சக்கரங்களின் சுழற்சியில் போதிய வேறுபாடு வந்தால் தானே பூட்டிக்கொள்ளும்.

2020 அக்டோபர் 2 அன்று விற்பனைக்கு வந்த இரண்டாம் தலைமுறை பெரிய தாவல். பின்னால் காயில் ஸ்பிரிங், முன்னோக்கிய பின் இருக்கைகள், கம்பெனியே தரும் கெட்டிக் கூரை, தரை இடைவெளி 226 மில்லிமீட்டர், 650 மில்லிமீட்டர் ஆழத் தண்ணீரைக் கடக்கும் திறன். குளோபல் என்.கேப். மோதல் சோதனையில் நான்கு நட்சத்திரம். இதன் பொறியியல் வேலையின் பெரும்பகுதி நடந்தது செங்கல்பட்டை ஒட்டிய மகிந்திரா சிட்டியில் உள்ள ஆய்வு மையத்தில்.

அதிலும் சில குறைகள் மிஞ்சின. கதவுக் கண்ணாடியை இறக்கும் சுவிட்சுகள் இரண்டு இருக்கைகளுக்கும் நடுவே இருந்தன. டீசல் போட ஒவ்வொரு முறையும் சாவியை எடுத்துக்கொண்டு இறங்க வேண்டும். பின்னால் உட்கார்ந்தவருக்கு ஏசி காற்று போதவில்லை. இந்த மூன்றையும் 2025 அக்டோபரில் வந்த மேம்படுத்திய தாரில் சரிசெய்துவிட்டார்கள். சுவிட்ச் கதவுக்குப் போனது, எரிபொருள் மூடி உள்ளிருந்தே திறக்கிறது, பின்பக்கம் ஏசி துவாரம் வந்தது, ஏறும்போது பிடித்துக்கொள்ள முன்தூணில் கைப்பிடியும் சேர்ந்தது.

பழைய வண்டி வைத்திருப்பவர் இந்தப் பட்டியலைப் பார்த்துவிட்டுச் சுவிட்சையும் ஏசி குழாயையும் வெளிப் பட்டறையில் மாற்றப் போக வேண்டாம் என்பதே என் வேண்டுகோள். இவை வயரிங்கை வெட்டி ஒட்டும் வேலைகள். வெட்டிய வயரில் மழைநீர் இறங்கினால் கோளாறு எங்கே இருக்கிறது என்று தேடவே இரண்டு நாள் ஆகும். கைப்பிடி மட்டும் விதிவிலக்கு. போல்ட்டில் பொருத்தும் கைப்பிடி தனியே கிடைக்கிறது. வயதான அம்மா, அப்பா ஏற வேண்டிய வீடாக இருந்தால் முதலில் அதை வாங்குங்கள். அதுவும் முன்தூணின் பிளாஸ்டிக்கில் அல்லாமல் உள்ளேயிருக்கும் உலோகத்தில் பிடித்திருக்க வேண்டும்.

டயர்

இங்கே சற்று நிதானமாக இருக்கலாம். கரட்டுப் பாதையில் வண்டி போகிறதா, நிற்கிறதா என்பதில் பெரும்பங்கு டயருடையது.

டயரின் பக்கவாட்டில் எழுதியிருப்பதைப் படிக்கப் பழகுங்கள். 2020 தாரின் உயர்வகையில் வந்தது 255/65 ஆர்18. அகலம் 255 மில்லிமீட்டர். பக்கச் சுவரின் உயரம் அந்த அகலத்தில் 65 விழுக்காடு, அதாவது சுமார் 166 மில்லிமீட்டர். ரிம் 18 அங்குலம். அடுத்த வகைக்குக் கொடுத்தது 245/75 ஆர்16. இதன் பக்கச் சுவர் சுமார் 184 மில்லிமீட்டர். ஷோரூமில் 18 அங்குல அலாய் கம்பீரமாக நிற்கும். கல் நிறைந்த ஓடையில் காப்பாற்றுவது அந்தக் கூடுதல் 18 மில்லிமீட்டர் ரப்பர்தான். கூரான கல் டயரை அழுத்தும்போது ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவே இருப்பது பக்கச் சுவர் மட்டுமே. அது உயரமாக இருந்தால் வளைந்து கொடுக்கும். குட்டையாக இருந்தால் கிழியும், இல்லாவிட்டால் ரிம் நெளியும். மலைப்பாதையே முக்கிய வேலை என்றால், 18 அங்குல ரிம்மை விற்றுவிட்டு அதே நிறுவனம் தரும் 16 அங்குல ரிம்மையும் அளவையும் போடுங்கள். தாருக்குச் செய்யக்கூடிய மிகச் சிறந்த மாற்றம் இதுதான் என்பது என் உறுதியான கருத்து. நிறுவனமே இந்த வண்டிக்குக் கொடுத்த அளவு என்பதால் சட்டச் சிக்கலும் குறைவு.

வகையைப் பொறுத்தவரை, கடையில் ஏ.டி., எம்.டி. என்று கேட்பார்கள். ஏ.டி. என்பது சாலைக்கும் மண்ணுக்கும் பொது. எம்.டி. என்பது சேற்றுக்கென்று ஆழமான கட்டைகளோடு வருவது. நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு ஏ.டி. போதும். எம்.டி. டயர் நெடுஞ்சாலையில் இரைச்சல் போடும், மழை பெய்த தார்ச்சாலையில் பிரேக் பிடிக்கும்போது பிடிமானம் குறையும், மைலேஜும் இறங்கும். நெல் அறுவடை காலத்துக் களிமண் வரப்பிலும் ரப்பர்த் தோட்டச் சேற்றிலும் அன்றாடம் ஓட்டுபவருக்கு மட்டும் அதை வாங்கச் சொல்வேன்.

பெரிய டயர் போடுவதில் ஆசை வருவது இயல்பு. 285/75 ஆர்16 போட்டால் டயரின் விட்டம் சுமார் 834 மில்லிமீட்டர் ஆகும். 18 அங்குல ரிம்மோடு வந்த டயரின் விட்டம் சுமார் 789. இரண்டுக்கும் வித்தியாசம் 45 மில்லிமீட்டர். அதில் பாதிதான், ஏறக்குறைய 22 மில்லிமீட்டர்தான், தரை இடைவெளியாகக் கிடைக்கும். அதற்குக் கொடுக்கும் விலையையும் பாருங்கள். வேகமானி முன்பைவிடச் சுமார் 6 விழுக்காடு குறைத்துக் காட்டும். 80 என்று முள் நிற்கும்போது வண்டி முன்பு 84, 85இல் ஓடிய வேகத்தில் இருக்கும். கிளட்சுக்கும் பிரேக்குக்கும் சுமை கூடும். திருப்பும்போது டயர் உள்பக்கம் உரசும். இன்னொன்றைப் பலர் யோசிப்பதில்லை: தாரில் ஸ்டெப்னி தொங்குவது பின்கதவில். கனமான ஐந்தாவது சக்கரத்தை அதில் மாட்டினால், குலுங்கும் பாதையில் கதவின் கீல் தளர்ந்து, கதவு இறங்கி, பிறகு தூக்கித் தூக்கிச் சாத்த வேண்டிவரும்.

காற்று

டயர் கடையில் "எத்தனை பாயின்ட்?" என்று கேட்டால் பலர் பழக்கத்தில் ஒரு எண்ணைச் சொல்லிவிடுவார்கள். தார்ச்சாலைக்கு, ஓட்டுநர் கதவுப் பக்கம் ஒட்டியிருக்கும் அட்டையில் உள்ள அளவே சரி. தளர்ந்த மணலில் அதே காற்றோடு இறங்கினால் டயர் கத்திபோல் வெட்டிக்கொண்டு இறங்கும். 15 முதல் 18 பி.எஸ்.ஐ. வரை குறைத்தால் டயர் தரையில் பதியும் இடம் நீளும், எடை பரவும், வண்டி மணலின் மேலேயே மிதந்து போகும். கல் பாதையில் 22 பக்கம் வைத்தால் குலுக்கலும் குறையும், டயர் கல்லைக் கவ்விக்கொள்ளவும் செய்யும். காசு செலவில்லாத இந்த ஒரு வேலை, பல ஆயிரம் ரூபாய்ப் பொருள்கள் செய்யாததைச் செய்துவிடும்.

குறைத்த காற்றை மீண்டும் நிரப்ப வழி இருந்தால்தான் குறைக்கலாம். 15 பி.எஸ்.ஐ. காற்றோடு நெடுஞ்சாலையில் ஏறி வேகமெடுத்தால் பக்கச் சுவர் சூடேறி வெடிக்கும். எனவே நல்ல கம்ப்ரஸர் ஒன்று, நம்பத் தகுந்த காற்றுமானி ஒன்று. சிகரெட் லைட்டர் துளையில் சொருகும் சிறிய கம்ப்ரஸர் நகரத்துப் பஞ்சருக்குப் போதும். நான்கு பெரிய டயர்களையும் ஒரே மூச்சில் நிரப்ப, பேட்டரியில் நேரடியாகக் கிளிப் மாட்டும் வகைதான் வேண்டும். இல்லாவிட்டால் ஃபியூஸ் போகும். நிரப்பும்போது என்ஜின் ஓடிக்கொண்டிருக்கட்டும்.

சிக்கினால் இழுக்க

சிக்கிய வண்டியை இழுக்கும் நேரமே இந்த விளையாட்டில் உயிருக்கு ஆபத்தான நேரம். கயிற்றுக்குச் செலவழிக்கத் தயங்கும் பலர், அதைவிடப் பல மடங்கு விலைக்குக் கூரைமேல் விளக்கு வாங்குவதைப் பார்க்க வருத்தமாக இருக்கிறது.

தாரின் எடை ஏறக்குறைய 1.7, 1.8 டன். சேறு பிடித்துக்கொண்டால் அதை இழுக்கத் தேவைப்படும் விசை இதைவிடக் கூடும். இரும்புச் சங்கிலியும் வயர் ரோப்பும் நீளாமல் அதிர்வோடு அறுபடும். அறுந்த முனை கண்ணாடியைத் துளைத்துக்கொண்டு உள்ளே வரும். நைலானில் பின்னிய கைனடிக் கயிறு நீண்டு, சேர்த்து வைத்த விசையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தருவதால் வண்டி குலுங்காமல் கழன்று வரும். அதோடு 4.75 டன் என்று முத்திரை குத்திய ஷேக்கிள் இரண்டு. முத்திரை இல்லாத ஷேக்கிளைக் கடைக்காரர் எத்தனை மலிவாகக் கொடுத்தாலும் தொடாதீர்கள்.

கயிற்றை மாட்டும் இடம் சேசிஸோடு போல்ட் போட்ட கொக்கியாக இருக்க வேண்டும். டிரெய்லர் இழுக்கப் பின்னால் வைக்கும் உருண்டையில் ஒருபோதும் மாட்டக் கூடாது. அது முறிந்து பறந்து ஆட்கள் இறந்திருக்கிறார்கள். பம்பரில் மாட்டினால் பம்பர்தான் வரும். உங்கள் வண்டியில் முன்னும் பின்னும் தகுந்த கொக்கி இருக்கிறதா என்று இன்றே குனிந்து பாருங்கள். இல்லையென்றால் சேசிஸில் பொருத்தும் கொக்கியே உங்களுடைய இரண்டாவது செலவு. இழுக்கும்போது கயிற்றின் நடுவே கனமான ஜமுக்காளத்தையோ ஈரச் சாக்கையோ போட்டுவிட்டு, வேடிக்கை பார்ப்பவர்களைக் கயிற்றின் நீளத்தைப் போல ஒன்றரை மடங்கு தூரத்துக்கு அப்பால் நிறுத்துங்கள். இரண்டு ஓட்டுநர்களையும் தவிர ஒருவர் மட்டும் கை காட்ட வேண்டும்.

வின்ச் வேண்டுமா? தனியாகவே காட்டுப் பாதையில் வேலை பார்க்கும் எஸ்டேட்காரருக்கு வேண்டும். மற்றவர்களுக்கு, இன்னொரு வண்டியோடு சேர்ந்து போவதும், ஒரு நல்ல மண்வெட்டியும், டயருக்கு அடியில் வைக்கும் பிளாஸ்டிக் பலகை இரண்டும் போதும். வின்ச், அதைத் தாங்கும் இரும்பு பம்பர் எல்லாம் சேர்ந்து முன் அச்சில் ஒரு ஆள் எடைக்கு மேல் நிரந்தரமாக ஏற்றுகின்றன.

அடிப்பாகம்

தாரின் முன்பக்கக் கோணம் சுமார் 41 பாகை, பின்பக்கம் 36க்கு மேல். இரண்டும் தாராளம். இடிப்பது நடுவயிற்றில். முன் சக்கரம் மேட்டைத் தாண்டி இறங்கிய பிறகு நடுப்பகுதி உரசாமல் கடக்கும் கோணம் சுமார் 27 பாகைதான். நீளம் கூடிய ஐந்து கதவுத் தார் ராக்ஸில் அது இன்னும் குறைவு. அதன் சக்கர இடைவெளி 2,850 மில்லிமீட்டர், மூன்று கதவுத் தாரில் 2,450. எனவே காப்புத் தகடு போடுவதென்றால் டிரான்ஸ்ஃபர் கேஸுக்கும் எரிபொருள் தொட்டிக்கும் முதலில் போடுங்கள். கடைகள் விற்க விரும்புவது முன் பம்பருக்குக் கீழே தெரியும் தகட்டை.

தகட்டில் தண்ணீர் வடிய ஓட்டைகள், ஆயில் மாற்றக் கழற்றும் வழி இரண்டும் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை மேற்குத் தொடர்ச்சி மலையின் காய்ந்த புல்வெளிகளில் ஓட்டுபவர்கள் ஒன்றைக் கட்டாயம் மனத்தில் வைக்க வேண்டும். பி.எஸ்.6 டீசல் வண்டியின் புகை வடிகட்டி, சேர்ந்த கரியைத் தானே எரித்துச் சுத்தம் செய்யும்போது 600 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடேறும். தகட்டுக்கும் சைலன்சருக்கும் நடுவே சிக்கிய காய்ந்த புல் பற்றிக்கொள்ள அது தாராளமாகப் போதும். புல்வெளியைக் கடந்ததும் நிறுத்தி, குனிந்து, குச்சியால் இழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்புங்கள். நின்ற வண்டியையும் உயரப் புல்லின் மேல் விடாதீர்கள்.

பக்கவாட்டு ஃபுட்போர்டு ஏறுவதற்கு வசதி, ஆனால் நடுவயிற்றுக் கோணத்தை மேலும் குறைக்கும். கல் பாதைக்குப் போகிறவர் அதைக் கழற்றிவிட்டு, சேசிஸில் பொருத்தும் கனமான பைப் வகையைப் போடலாம். அது கல்லில் உட்கார்ந்தாலும் வண்டியின் எடையைத் தாங்கும், ஏறிக்கொள்ளவும் உதவும்.

தண்ணீர்

மூக்குக் குழாய் என்று நம் ஆட்கள் சொல்லும் ஸ்நார்கெல் பற்றித்தான் அதிகம் கேட்கிறார்கள். ஃபோர்ஸ் கூர்க்காவில் அது கம்பெனியிலிருந்தே வருகிறது. அது என்ஜின் மூச்சு இழுக்கும் வாயை மேலே கொண்டுபோகிறது, அவ்வளவுதான். கதவின் இடுக்கு, ஆல்டர்னேட்டர், தரைக்கு அடியில் ஓடும் வயரிங், இருக்கைக்குக் கீழே உள்ள கருவிகள் எல்லாம் இருந்த உயரத்திலேயே இருக்கும். 650 மில்லிமீட்டர் என்று நிறுவனம் சொன்ன ஆழம் ஸ்நார்கெல் மாட்டியதும் ஒரு மீட்டராகிவிடாது. புழுதியில் வரிசையாக ஓட்டும்போது சற்றுச் சுத்தமான காற்று கிடைக்கும் என்பதே அதன் உண்மையான பயன்.

அதைவிட முக்கியமான, மிகமிக மலிவான வேலை ஒன்று இருக்கிறது: பிரீதர் குழாய். டிஃப்ரென்ஷியல் ஹவுசிங்கின் தலையில் சிறிய மூச்சுத்துளை இருக்கும். மலையேறிச் சூடான அச்சு, குளிர்ந்த ஓடையில் திடீரென்று மூழ்கும்போது உள்ளேயிருக்கும் காற்று சுருங்கும். அந்தத் துளை வழியே தண்ணீரை உறிஞ்சும். வெளியே எதுவும் தெரியாது. பல மாதம் கழித்துப் பின் அச்சு ஊளையிடத் தொடங்கும். பட்டறையில் வடிகால் போல்ட்டைக் கழற்றினால், தேன் நிறத்தில் வர வேண்டிய கியர் ஆயில் பால் விட்ட காபியாகக் கொழகொழவென்று ஒழுகும். அதற்குள் பேரிங்கில் துரு ஏறியிருக்கும். மூச்சுத்துளையிலிருந்து எண்ணெய் தாங்கும் ரப்பர்க் குழாய் ஒன்றை என்ஜின் அறையின் மேற்பகுதி வரை கொண்டுபோய், முனையில் சிறு வடிகட்டி வைத்துவிட்டால் தீர்ந்தது. முன் அச்சு, பின் அச்சு, டிரான்ஸ்ஃபர் கேஸ் மூன்றுக்கும் ஏற்கெனவே எந்த உயரத்தில் குழாய் முடிகிறது என்று பார்த்துவிட்டு, தாழ்வாக இருப்பதை மட்டும் நீட்டுங்கள். ஸ்நார்கெல் விலையில் ஒரு சிறு பங்குதான் ஆகும்.

ஓடையில் இறங்கும் முன் நடந்து பாருங்கள். தண்ணீர் முட்டிக்கு மேல் இருந்தாலோ, ஓட்டம் பலமாக இருந்தாலோ திரும்பிவிடுங்கள். நடுவில் என்ஜின் நின்றுபோனால் சாவியைத் திருப்பவே கூடாது. சிலிண்டருக்குள் போன தண்ணீர் காற்றைப் போலச் சுருங்காது. கனெக்டிங் ராட் வளைந்துவிடும். அந்தச் சேதத்துக்குச் சாதாரணக் காப்பீட்டில் பணம் வருவதில்லை. அதற்கென்று தனியாக எடுக்கும் என்ஜின் பாதுகாப்புப் பிரிவு வேண்டும். கரையேறியதும் பிரேக்கை மெல்ல மெல்ல அழுத்திக்கொண்டே சிறிது தூரம் ஓட்டுங்கள். தாரின் பின் சக்கரங்களில் டிரம் பிரேக், ஈரம் காயும் வரை பிடிக்காது.

வீடு திரும்பியதும் அடிப்பாகத்தை நல்ல தண்ணீரில் கழுவுவது கடற்கரை ஊர்க்காரர்களுக்குக் கட்டாயம். 2020 தாரின் தரையில் தண்ணீரை வெளியே விடும் அடைப்பான்கள் உண்டு. அவற்றைக் கழற்றி, உள்ளேயும் கழுவிவிடலாம். திருப்பி மாட்ட மறக்காதீர்கள்.

உயரமும் குலுக்கலும்

இரண்டு அங்குலம் தூக்கித் தரும் கிட்கள் நிறைய விற்கின்றன. பின்பக்கம் தாருக்கு ஒரே நீள அச்சு. அதன் நடுவில் தொங்கும் டிஃப்ரென்ஷியல் உருண்டை தரைக்கு மிக அருகில் இருக்கிறது. ஸ்பிரிங்கை உயர்த்தினால் உடல் உயரும், அந்த உருண்டை அதே உயரத்தில்தான் இருக்கும். அதை உயர்த்தப் பெரிய டயர் ஒன்றே வழி. முன்பக்கம் தனித்தனிச் சக்கர அமைப்பு. தூக்கியதும் அச்சுத்தண்டின் மூட்டு கூடுதல் கோணத்தில் சுழன்று சீக்கிரம் தேயும். ஈர்ப்பு மையம் மேலேறும். வண்டி சாய்வதைக் கணித்துப் பிரேக் போடும் மின்னணு அமைப்பை நிறுவனம் பழைய உயரத்துக்கென்றுதான் அளந்து வைத்திருக்கிறது. கொண்டை ஊசி வளைவுகள் நிறைந்த நம் மலைப்பாதைகளில் இதை நான் பரிந்துரைப்பதில்லை.

உண்மையில் பெரும்பாலோரின் தொந்தரவு உயரம் இல்லை, பின்பக்கக் குலுக்கலும் பக்கவாட்டு ஆட்டமும். அதற்கு நல்ல ஷாக் அப்சார்பர் நான்கு மட்டும், அதே உயரத்துக்கு, மாற்றிப் பாருங்கள். வண்டியின் குணமே மாறும். கூரை கேரியரில் சாமான் ஏற்றும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். உச்சியில் வைத்த ஐம்பது கிலோ, தரையில் வைத்த ஐம்பது கிலோவைப் போல நடந்துகொள்ளாது.

விளக்கு பற்றிச் சுருக்கமாக. கூரையில் மாட்டும் வெள்ளை எல்.இ.டி. பட்டை மலை மூடுபனியில் எதிரே வெள்ளைச் சுவரை எழுப்பும். பானெட்டில் பட்டுத் திரும்பிக் கண்ணைக் கூசச் செய்யும். பனிக்கு வேண்டியது தாழ்வாகப் பொருத்திய, மஞ்சள் ஒளியுள்ள, பக்கவாட்டில் விரியும் பனிவிளக்கு. ஹாலஜனுக்கென்று செய்த முகப்பு விளக்கில் எல்.இ.டி. பல்பைச் சொருகினால் ஒளி சிதறி எதிரே வருபவரைக் குருடாக்கும். நல்ல ஹாலஜன் பல்பும், ரிலே வைத்த தனி வயரிங்கும் போதும். அளவுக்கு மீறிய வாட் பல்பு ஹோல்டரை உருக்கிவிடும்.

உள்ளே செய்ய வேண்டியவை எளிமையானவை. கெட்டிக் கூரையின் அடிப்பக்கம் வெப்பம் தடுக்கும் விரிப்பு ஒட்டினால் மதுரை வெயிலில் ஏசி மூச்சு வாங்காது. கதவு ரப்பர்களை மழைக்காலத்துக்கு முன் ஒருமுறை சோப்பு நீரால் துடைத்து சிலிக்கான் தடவுங்கள். தீயணைப்பான் ஒன்றை ஓட்டுநரின் கைக்கெட்டும் இடத்தில் பட்டையால் இறுக்கி வையுங்கள். பின்னால் பெட்டிகளைக் கட்டாமல் விடக் கூடாது. பாறையில் இறங்கும்போது அவை முன்னிருக்கைக்குப் பறந்து வரும்.

சட்டம்

இதைப் படிக்காமல் பணம் கட்டாதீர்கள். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவுப்படி, ஆர்.சி.யில் பதிவான விவரங்கள் நிறுவனம் குறிப்பிட்டதிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது. அதே ஆண்டின் திருத்தத்தில் சேர்ந்த 182ஏ பிரிவு, அனுமதியற்ற மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம் என்கிறது. முன்பக்க இரும்புக் காப்புக் கம்பிகளைத் தடுக்கும்படி 2017 டிசம்பரிலேயே மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. அதற்கு வலுவான காரணம் உண்டு. மோதலில் நசுங்கி விசையை வாங்கிக்கொள்ள வேண்டிய முன்பகுதியை அந்தக் கம்பி விறைப்பாக்கிவிடும். ஏர்பேக் விரிய வேண்டிய நேரமும் தவறலாம். எதிரே நடந்து வருபவருக்கு அது இன்னும் கொடுமையான ஆயுதம்.

கம்ப்ரஸர், கயிறு, பிரீதர் குழாய், அடித்தகடு, அதே அளவு டயர், அதே உயர ஷாக் அப்சார்பர் போன்றவற்றில் ஆர்.சி. விவரம் எதுவும் மாறுவதில்லை. உயரம், அகலம், இருக்கை எண்ணிக்கை, நிறம், என்ஜின் எதைத் தொட்டாலும் முதலில் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேளுங்கள். பொருத்திய பொருள் எதுவாக இருந்தாலும் ரசீதின் நகலோடு காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவித்து, பாலிசியில் சேர்க்கச் சொல்லுங்கள். தெரிவிக்காத மாற்றம் ஒன்று, விபத்துக்குப் பிறகு முழு இழப்பீட்டையும் மறுக்கக் காரணமாகிவிடலாம்.

காப்புக்காட்டுக்குள் வனத்துறை அனுமதியில்லாமல் வண்டியை இறக்குவது குற்றம். தேரியிலும் மலையிலும் பாதை கேட்கும் முன் அந்தப் பகுதி வனச்சரக அலுவலகத்தில் கேளுங்கள். அனுமதி கிடைத்தால் இருக்கும் தடத்திலேயே ஓட்டுங்கள், ஓடைக்குள் வண்டியைக் கழுவாதீர்கள்.